கம்பைலர் படித்தது எந்தப் பிரதியை?

வாசகர் கேள்வி: மார்ச் 3, காலை 10.20

சி மொழியில் எழுதிய ஒரு நிரலைக் கம்பைல் செய்தேன் (கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றினேன்). 142ஆம் வரியில் அறிவிக்கப்படாத பெயர் ஒன்று இருப்பதாகப் பிழைச் செய்தி வந்தது. அந்த வரியில் மூடும் அடைப்புக்குறி ஒன்றைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஓர் எழுத்தைக்கூடத் தொடாமல் மறுபடியும் கம்பைல் செய்தேன். அதே பிழை 153ஆம் வரிக்குப் போய்விட்டது. கோப்பைச் சேமிக்காமல் விட்டிருப்பாய் என்கிறார்கள் நண்பர்கள். நான் நிரலை எழுதும் எடிட்டர் தானாகவே சேமித்துவிடும் என்பதால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. எல்லோரும் தானியங்கிச் சேமிப்பை இயக்கி வைத்தால் சேமிக்காத கோப்பு என்ற தொல்லை அடியோடு ஒழிந்துவிடும் என்பது என் கருத்து. என் விஷயத்தில் கம்பைலர்தான் வரிகளைத் தப்பாக எண்ணுகிறது என்று நினைக்கிறேன்.

மார்ச் 3, பகல் 1.05

கம்பைலர் வரிகளைத் தப்பாக எண்ணி நான் பார்த்ததில்லை. அது படித்த கோப்பில் 142ஆம் வரி எதுவோ அதைத்தான் சொல்லியிருக்கும். நீங்கள் பார்க்கும் கோப்பும் அது படித்த கோப்பும் ஒன்றுதானா என்பதே கேள்வி. எடிட்டரில் ஒரு கோப்பைத் திறந்த கணத்திலிருந்து அதற்கு இரண்டு பிரதிகள் உண்டாகிவிடுகின்றன: ஒன்று வட்டில் இருப்பது, மற்றொன்று எடிட்டரின் நினைவில் இருப்பது. நீங்கள் தட்டுவதெல்லாம் இரண்டாவதில் சேர்கிறது. கம்பைலர் திறந்து படிப்பது முதலாவதை. 153இலிருந்து 142ஐக் கழித்தால் 11. பிழைக்கு மேலே எங்கோ 11 வரிகளைப் புதிதாகச் சேர்த்திருக்கிறீர்கள் என்றும், முதல் முறை கம்பைல் செய்தபோது அவை வட்டுக்குப் போய்ச் சேரவில்லை என்றும் ஊகிக்கிறேன். அந்த நேரத்தில் கோப்பின் பெயருக்குப் பக்கத்தில், சேமிக்காத மாற்றம் இருப்பதைக் காட்டும் புள்ளி இருந்ததா?

மார்ச் 3, இரவு 9.40

புள்ளி இல்லவே இல்லை என்று உறுதியாகச் சொல்கிறீர்கள். கோப்பின் தலைப்பகுதியில் 11 வரிக் குறிப்புரை ஒன்றை ஒட்டியது மட்டும் உண்மை என்கிறீர்கள். ஆக, என் கணக்கு பொருந்துகிறது, காரணம் பொருந்தவில்லை. யோசித்துவிட்டு வருகிறேன்.

மார்ச் 4, காலை 7.15

உங்கள் புதிரைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, தானியங்கிச் சேமிப்பு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்ற கருத்துக்கு வருகிறேன். இதில் இரண்டு வேறு ஏற்பாடுகள் ஒரே பெயரில் கலந்துவிடுகின்றன. ஒன்று, கம்பைல் செய்யச் சொன்னவுடன் எடிட்டர் முதலில் சேமித்துவிட்டுப் பிறகு கம்பைலரை அழைப்பது. விம் எடிட்டரில் ‘ஆட்டோரைட்’ என்ற அமைப்பை இயக்கிவிட்டால், கம்பைல் வேலையை நடத்தும் ‘மேக்’ கட்டளை கொடுத்தவுடன் மாறியிருக்கும் கோப்புகளை எழுதிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். இமேக்ஸ் எடிட்டர் ஒவ்வொரு கோப்பாகச் சேமிக்கவா என்று கேட்கும். விஎஸ் கோடு எடிட்டரில் ஒரு டாஸ்க்கை (கம்பைல் போன்ற வேலையை) ஓட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் சேமிப்பதே இயல்பான அமைப்பு. மற்றொன்று, கம்பைலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல், தட்டுவதை நிறுத்திச் சிறிது நேரம் ஆனதும் எடிட்டர் தானே எழுதிவிடுவது. விஎஸ் கோடில் இதை இயக்கினால் இயல்பான இடைவெளி 1000 மில்லிவினாடி; வேண்டுமானால் கூட்டிக்கொள்ளலாம்.

முதல் ஏற்பாட்டை முழு மனதோடு ஏற்கிறேன். இரண்டாவது எனக்கு ஒத்துவரவில்லை. வாக்கியத்தின் பாதியில் யோசிப்பதற்காகக் கையை எடுத்தால், அந்தப் பாதி வாக்கியம் வட்டில் போய் உட்கார்ந்துவிடுகிறது. கோப்பு மாறுவதைக் கவனித்துக்கொண்டே இருக்கும் நிரல்கள் உடனே விழித்து, அரைகுறை நிரலைக் கம்பைல் செய்து பத்துப் பிழைகளைக் கொட்டுகின்றன. பல கோப்புகள் தமக்குள் சேர்த்துக்கொள்ளும் பொது அறிவிப்புகளைக் கொண்ட ஒரு ஹெடர் கோப்பில் கை வைத்திருந்தால், ஒவ்வொரு இடைநிறுத்தத்துக்கும் திட்டம் முழுவதும் மறுபடி கம்பைல் ஆகிறது. சேமிப்பது என்பது, இதை மற்ற நிரல்கள் படிக்கலாம் என்று எழுதுபவர் கொடுக்கும் ஒப்புதல். அந்த ஒப்புதலை ஒரு கடிகாரத்திடம் ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை.

மார்ச் 4, இரவு 11.30

கம்பைலுக்கு முன் எல்லாவற்றையும் சேமிக்கும் விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணமான ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். பல தரவுகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் ஸ்ட்ரக்ட் ஒன்றில் புதிய உறுப்பு ஒன்றைச் சேர்ப்பதற்காக ஹெடர் கோப்பைத் திறந்து ஒரு வரி எழுதினேன். பிறகு வேறு தாவலுக்குப் போய், சி கோப்பில் அந்த உறுப்பைப் பயன்படுத்தும் நாலு வரிகளை எழுதிக் கம்பைல் செய்வதற்கான விசையை அழுத்தினேன். அப்படி ஓர் உறுப்பே அந்த ஸ்ட்ரக்டில் இல்லை என்று பிழை வந்தது. ஹெடரைப் பார்த்தேன்; நான் எழுதிய வரி கண்ணெதிரே இருந்தது. சி கோப்பில் அந்த இடத்துக்குக் கீழே எடிட்டர் சிவப்பு நெளிகோடு எதையும் போடவில்லை. போதாததற்கு, புள்ளியைத் தட்டியவுடன் அந்த உறுப்பின் பெயரைத் தானே பரிந்துரைத்தது.

ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போயிற்று. முன்பு கம்பைல் ஆகி வந்த பழைய ஆப்ஜெக்ட் கோப்புகளை எல்லாம் அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். அதே பெயரில் வேறொரு ஹெடர் எங்காவது கிடக்கிறதா, கம்பைலர் அதைப் படித்துவிடுகிறதா என்று கோப்புறை கோப்புறையாகத் தேடினேன். கடைசியில் ஹெடரில் வேறொரு திருத்தம் செய்துவிட்டுப் பழக்கத்தில் சேமித்தேன், பிழை மறைந்தது. அந்த எடிட்டரில் கம்பைல் விசை, முன்னால் இருக்கும் தாவலை மட்டும் சேமித்துவிட்டு மற்றவற்றை அப்படியே விட்டுவிடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நெளிகோட்டைப் போடும் பகுதி நினைவில் இருந்த ஹெடரைப் படித்தது, கம்பைலர் வட்டில் இருந்த ஹெடரைப் படித்தது. இரண்டுமே தாம் படித்ததைப் பற்றி உண்மையைத்தான் சொல்லியிருந்தன.

அன்றிலிருந்து ஓர் அறிகுறியை மனத்தில் வைத்திருக்கிறேன்: எடிட்டர் சுத்தம் என்கிறது, கம்பைலர் பிழை என்கிறது என்றால், பிழை சுட்டும் கோப்பை விட்டுவிட்டு அது சேர்த்துக்கொள்ளும் மற்றக் கோப்புகளில் சேமிக்காதது எது என்று முதலில் பார்ப்பேன். பிழைச் செய்தி ஒரு பாவமும் அறியாத கோப்பின் பெயரைத்தான் சொல்லும்.

மார்ச் 5, காலை 6.50

நேற்று எழுதியதை மீண்டும் படித்தபோது, நான் தப்பித்துக்கொண்டேன் என்றே தோன்றுகிறது. பிழை வந்ததால்தான் தேடினேன். ஹெடரில் ஒரு மாறிலியின் மதிப்பை மட்டும் மாற்றிவிட்டுச் சேமிக்காமல் விட்டிருந்தால், கம்பைல் சுத்தமாக முடிந்திருக்கும், பழைய மதிப்போடு நிரல் ஓடியிருக்கும், ஒரு செய்தியும் வந்திருக்காது. சேமிக்காத கோப்பால் வரும் கேடுகளில் இதுதான் பெரியது.

மார்ச் 6, மாலை 5.20

சேமிக்காத பிரதியை நேரடியாகக் கம்பைலரிடமே கொடுத்துவிட முடியாதா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். முடியும். வழிகள் பல உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு.

மிகப் பழைய வழி, நினைவில் உள்ளதைத் தற்காலிகக் கோப்பு ஒன்றில் எழுதி, அதைக் கம்பைல் செய்து, வரும் பிழைகளை அசல் கோப்பின் பெயருக்கு மாற்றிக் காட்டுவது. இமேக்ஸில் பிழைகளைக் காட்டும் பகுதியான பழைய ‘ஃப்ளைமேக்’ இப்படித்தான் செய்தது: அசல் கோப்புக்குப் பக்கத்திலேயே, பெயரின் இறுதியில் ‘_ஃப்ளைமேக்’ என்ற ஒட்டுடன் ஒரு பிரதியை எழுதிவைக்கும். வேறு கோப்புறையில் எழுதினால், மேற்கோள் குறிக்குள் சேர்க்கப்படும் ஹெடர்கள் கிடைக்காமல் போகும் என்பதால்தான் அதே கோப்புறை. ஆனால் அங்கே எழுதினால், கோப்புறையைக் கவனிக்கும் நிரல்களுக்குத் தற்காலிகப் பிரதியும் ஒரு புதுக் கோப்பாகவே தெரியும். எடிட்டர் இடையில் முறிந்து விழுந்தால் அந்தப் பிரதி அங்கேயே தங்கிவிடும்.

அடுத்தது, பிரதியை எங்கும் எழுதாமல் கம்பைலரின் நிலையான உள்ளீட்டில் (கோப்பு இல்லாமல் உரையை நேராகக் கொடுக்கும் வழியில்) ஊற்றிவிடுவது. ஜிசிசி கம்பைலரிடம் தொடரியலை மட்டும் சரிபார்க்கச் சொல்லி, கோப்பின் பெயருக்குப் பதில் ஒரு சிறு கோடு கொடுத்தால் போதும். மொழி எது என்பதை மட்டும் தனியே சொல்ல வேண்டும், பெயரின் விகுதியைப் பார்த்து அறிய அங்கே பெயரே இல்லை. இமேக்ஸ் 26இல் மாற்றி எழுதப்பட்ட ஃப்ளைமேக், சி மொழிக்கு இந்த வழியைத்தான் பின்பற்றுகிறது. செய்தியில் வரும் கோப்பின் பெயரை, நிரலின் தலையில் ‘லைன்’ என்ற முன்செயலிக் கட்டளை ஒன்றைச் சேர்த்துச் சரிசெய்துகொண்டால் வேறு குறை எதுவும் இல்லை.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. கம்பைலரையே ஒரு நூலகமாக்கி, ‘இந்தப் பெயருள்ள கோப்பை நீ கேட்டால் வட்டுக்குப் போகாதே, இதோ இந்த உரையை எடுத்துக்கொள்’ என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது. கிளாங் கம்பைலரின் லிப்கிளாங் நூலகத்தில் இதற்கென்றே ஓர் அமைப்பு உண்டு. அதில் மூன்றே உறுப்புகள்: கோப்பின் பெயர், உரை, உரையின் நீளம். இப்படி எத்தனை கோப்புகளை வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் கொடுக்கலாம், ஹெடர்கள் உட்பட. என் இரண்டு மணி நேரத்தை விழுங்கிய ஹெடரை இந்த வழி ஒன்றுதான் பிடித்திருக்கும். முதல் இரண்டும் கம்பைல் ஆகும் கோப்பை மட்டுமே மாற்றித் தருபவை. ஜாவாவில் 2006இல் வந்த 6ஆம் பதிப்பிலிருந்து, கம்பைலருக்கு நினைவிலிருந்தே கோப்புகளைக் கொடுக்கும் இடைமுகம் இருக்கிறது. கோ மொழியில் 2021இல் வந்த 1.16 பதிப்பு, கட்டளை வரியிலேயே ‘ஓவர்லே’ என்ற தெரிவைச் சேர்த்தது: எந்தப் பாதைக்குப் பதில் எந்தப் பாதையைப் படிக்க வேண்டும் என்ற பட்டியலை ஒரு ஜேசன் கோப்பில் கொடுத்துவிட்டால், கம்பைல் கட்டளைகள் எல்லாம் அதன்படி நடக்கும். சேமிக்காத மாற்றங்களின் விளைவை எடிட்டர் கருவிகள் அறிந்துகொள்ளத்தான் இது முதன்மையாக உருவானது. கம்பைலரை ஆக்குபவர்களே இந்தத் தேவையை உணர்ந்து வாசலில் ஒரு கதவு வைத்துக் கொடுத்ததைப் பார்த்தபோது எனக்கு மிகுந்த நிறைவு ஏற்பட்டது.

மார்ச் 7, காலை 8.00

நேற்று எழுதியதில் ஒரு தவறு. நிலையான உள்ளீட்டு வழியில் ‘லைன்’ கட்டளையைச் சேர்த்துவிட்டால் வேறு குறை இல்லை என்று சொல்லிவிட்டேன்; அது சரியன்று. அந்தக் கட்டளை செய்தியில் வரும் பெயரையும் வரி எண்ணையும் மட்டுமே மாற்றும். ஹெடர்களை எந்தக் கோப்புறையில் தேடத் தொடங்குவது என்பதை அது தொடாது. நிலையான உள்ளீட்டுக்குச் சொந்தக் கோப்புறை இல்லாததால், அப்போது நாம் நிற்கும் கோப்புறையிலிருந்து தேடல் தொடங்கும். எனவே எடிட்டர், அசல் கோப்பின் கோப்புறைக்குப் போய் நின்றுகொண்டு கம்பைலரை அழைக்க வேண்டும், அல்லது அந்தக் கோப்புறையைத் தேடும் பாதையில் சேர்க்க வேண்டும்.

மார்ச் 9, இரவு 10.10

இன்றைய எடிட்டர்கள் பெரும்பாலும், நிரலை ஆராய்ந்து பிழை சொல்லும் தனி நிரலோடு (சர்வரோடு) பேசுவதற்கான லாங்குவேஜ் சர்வர் நெறிமுறையைப் பின்பற்றுவதால், அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. 2016இல் அறிவிக்கப்பட்ட இந்த நெறிமுறை, சேமிக்காத கோப்பைப் பற்றி மிகத் தெளிவான ஒரு விதியை வகுத்திருக்கிறது: ஒரு கோப்பைத் திறந்துவிட்டதாக எடிட்டர் சர்வரிடம் சொன்ன கணத்திலிருந்து, மூடிவிட்டதாகச் சொல்லும் வரை, அந்தக் கோப்பின் மெய்யான உள்ளடக்கம் எடிட்டரிடம் இருப்பதுதான், சர்வர் வட்டைப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு பதிப்பு எண் கூடிக்கொண்டே போகும். சர்வர் பிழைகளை அனுப்பும்போது, அவை எந்தப் பதிப்பைப் படித்துக் கண்டவை என்பதையும் சேர்த்து அனுப்பலாம். ‘அனுப்பலாம்’ என்பதுதான் என் மனக்குறை. அந்த எண் 3.15 பதிப்பில்தான் சேர்ந்தது, இன்றும் கட்டாயமில்லை. ‘நான் படித்தது 48ஆம் பதிப்பை’ என்ற ஒரு சொல் உடன் வந்தால், 51ஆம் பதிப்பில் நிற்கும் எடிட்டர் அந்தப் பிழைகளைப் பழையவை என்று தெரிந்துகொள்ளும். எண் வராவிட்டால், வந்து சேர்ந்த நேரத்தை வைத்து ஊகிக்க வேண்டியதுதான்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ரஸ்ட் மொழியில் எழுதும்போது இரண்டு இடங்களிலிருந்து நெளிகோடுகள் வருகின்றன. ரஸ்டுக்கான சர்வராகிய ரஸ்ட்-அனலைசர் தானே கண்டுபிடிப்பவை, தட்டத் தட்ட நினைவில் உள்ள பிரதியிலிருந்து வருபவை. மற்றவை, கோப்பைச் சேமித்ததும் அது பின்னணியில் ஓட்டும் ‘கார்கோ செக்’ கட்டளை வட்டைப் படித்துச் சொல்பவை. திரையில் இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி. பிழையைத் திருத்தியும் நெளிகோடு போகவில்லையே என்று பலமுறை திகைத்திருக்கிறேன். சேமித்தவுடன் போய்விடும், ஏனென்றால் அது சென்ற சேமிப்பைப் பற்றிய செய்தி. சேமித்த பிரதியைப் பற்றிய நெளிகோட்டைச் சற்று மங்கலாகக் காட்டினால்கூடப் போதும் என்று எனக்குத் தோன்றும்.

விஎஸ் கோடு இதற்கு ஒரு நேர்த்தியான வழி வைத்திருக்கிறது. கம்பைலர் வெளியிடும் உரையிலிருந்து பிழைகளைப் பொறுக்கி எடுக்கும் பகுதிக்கு, மூடியிருக்கும் கோப்புகளுக்கான பிழைகளை மட்டும் எடுத்துக்கொள் என்று சொல்லலாம். டைப்ஸ்கிரிப்ட் கம்பைலருக்கு அதன் இயல்பே அப்படித்தான். திறந்திருக்கும் கோப்பைப் பற்றிப் பேசும் உரிமை நினைவைப் படிக்கும் சர்வருக்கு, மூடியிருப்பதைப் பற்றிப் பேசும் உரிமை வட்டைப் படிக்கும் கம்பைலருக்கு என்ற இந்தப் பாகப்பிரிவினையால், ஒரே பிழை இரண்டு முறை பட்டியலில் ஏறுவதும் நிற்கிறது.

மார்ச் 11, பகல் 12.45

வரி எண் சரி, ஆனால் நெளிகோடு சில எழுத்துகள் தள்ளி விழுகிறது, இதுவும் சேமிக்காததால்தானா என்று ஒரு கேள்வி. பெரும்பாலும் இல்லை. அந்த வரியில் தமிழ்ச் சரம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ‘தமிழ்’ என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறியீடுகள். யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 15 பைட். ஜிசிசி 11ஆம் பதிப்புக்கு முன்பு வரை இயல்பாகப் பைட்டுகளை எண்ணித்தான் இடத்தைச் சொன்னது. லாங்குவேஜ் சர்வர் நெறிமுறை யுடிஎஃப்-16 அலகுகளை எண்ணுகிறது (இந்தச் சொல்லுக்கு ஐந்து), 3.17 பதிப்பிலிருந்து இரு தரப்பும் பேசி வேறொன்றை வைத்துக்கொள்ளலாம். ஒருவர் பைட்டில் சொன்னதை மற்றவர் யுடிஎஃப்-16 அலகாக எடுத்துக்கொண்டால், அந்த ஒரு சொல்லுக்கே குறி பத்து இடம் தள்ளிப் போகும். வரி பிசகினால் சேமிப்பைச் சந்தேகியுங்கள். வரி சரியாக இருந்து இடம் மட்டும் பிசகினால் எண்ணும் அலகைச் சந்தேகியுங்கள்.

மார்ச் 13, இரவு 9.00

வேறு ஒன்று நினைவுக்கு வந்தது. விம் எடிட்டரில் பிழைப் பட்டியல் வந்த பிறகு, திறந்திருக்கும் கோப்பில் வரிகளைச் சேர்த்தாலும் நீக்கினாலும், பட்டியலில் உள்ள வரி எண்களை அது தானே நகர்த்திக்கொள்ளும். மேலிருந்து கீழாகத் திருத்திக்கொண்டே போகும்போது இது பெரிய உதவி. ஆனால் இந்த நகர்த்தல், கம்பைல் செய்த கணத்தில் நினைவும் வட்டும் ஒன்றாக இருந்தன என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. அந்தக் கணத்திலேயே 11 வரி வித்தியாசம் இருந்திருந்தால், பட்டியல் முழுவதும் அதே 11 வரிப் பிசகோடு ஒழுங்காக நகர்ந்துகொண்டிருக்கும். பிசகு மாறாமல் இருப்பதால் பார்ப்பவருக்கு அது கம்பைலரின் குற்றமாகவே தெரியும்.

மார்ச் 14, காலை 6.30

கம்பைல் செய்யும் கணம் என்று நேற்று எழுதிவிட்டுத் தூங்கப் போனேன். கணம் என்ற ஒன்று அங்கே இல்லையே என்பது விடியற்காலையில் உறைத்தது. கம்பைலர் கோப்பைத் திறந்து படிப்பது ஒரு நேரம், பிழையை அச்சிடுவது ஒரு நேரம், நாம் அதைப் படித்துவிட்டு எடிட்டருக்குத் திரும்பிப் பார்ப்பது ஒரு நேரம். இவற்றுக்கு நடுவில் யாராவது கோப்பைச் சேமித்துவிட்டால்?

இதன் ஒரு முகத்தை ‘மேக்’ கருவியில் அனுபவித்திருக்கிறேன். அது நேர முத்திரைகளைத்தான் ஒப்பிடும். கம்பைலர் மூலக் கோப்பைப் படித்து முடித்த பிறகு, ஆப்ஜெக்ட் கோப்பை எழுதி முடிப்பதற்குள் நாம் மூலத்தைச் சேமித்துவிட்டால், ஆப்ஜெக்ட்டின் நேரம் மூலத்தின் நேரத்துக்குப் பிந்தியதாக இருக்கும். எல்லாம் புதிதாகவே இருக்கிறது, செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மேக் சொல்லிவிடும். உள்ளே இருப்பதோ பழைய நிரல். கம்பைல் நீண்ட நேரம் எடுக்கும் திட்டங்களில் இந்த இடைவெளி பெரியது.

பைதானில் இன்னும் கண்கூடாகப் பார்க்கலாம். நீண்ட நேரம் ஓடும் நிரல் ஒன்றை ஓடவிட்டு, அது ஓடும்போதே அதன் கோப்பைத் திருத்திச் சேமியுங்கள். நிரல் பிறகு முறியும்போது வரும் பிழைத் தடத்தில் வரி எண் பழைய நிரலுக்கு உரியது. அதன் கீழே அச்சாகும் வரியின் உரையோ அந்த நேரத்தில் வட்டிலிருந்து எடுக்கப்படுவது. ஒரு வெற்று வரியிலோ ஒரு குறிப்புரையிலோ பிழை நேர்ந்ததாக அது காட்டியபோது நான் உண்மையிலேயே பயந்துபோனேன்.

கேள்வி கேட்டவரிடம் இரண்டு விவரம் வேண்டும். உங்கள் தானியங்கிச் சேமிப்பின் இடைவெளி எவ்வளவு? கம்பைல் கட்டளையை எடிட்டரின் விசை வழியாகக் கொடுத்தீர்களா, தனியாக ஒரு டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டிக் கொடுக்கும் சாளரத்தில்) கொடுத்தீர்களா?

மார்ச் 14, இரவு 8.25

இடைவெளி 5 வினாடி என்றும், கம்பைல் கட்டளை தனி டெர்மினல் சாளரத்தில் என்றும் பதில் வந்திருக்கிறது. புதிர் அவிழ்ந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

நீங்கள் 11 வரிக் குறிப்புரையை ஒட்டினீர்கள். இரண்டு மூன்று வினாடிக்குள் டெர்மினலுக்குப் போய்க் கட்டளையைக் கொடுத்தீர்கள். 5 வினாடி ஆகவில்லை என்பதால் வட்டில் பழைய பிரதிதான் இருந்தது. கம்பைலர் அதைப் படித்து, அதில் 142ஆம் வரியில் உள்ள பிழையைச் சரியாகவே சொன்னது. நீங்கள் செய்தியைப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் கெடு முடிந்து எடிட்டர் சேமித்துவிட்டது, புள்ளியும் மறைந்தது. நீங்கள் திரும்பி வந்து பார்த்தபோது, நினைவில் இருந்ததும் வட்டில் இருந்ததும் ஒன்றேதான்; 142ஆம் வரியில் இருந்தது, பழைய பிரதியின் 131ஆம் வரியில் இருந்த மூடும் அடைப்புக்குறி. இரண்டாம் முறை கம்பைலர் புதிய பிரதியைப் படித்து 153 என்றது. கட்டளையை எடிட்டரின் வழியாகக் கொடுத்திருந்தால் அது முதலில் சேமித்திருக்கும். வெளியே டெர்மினலில் ஒரு கம்பைல் நடக்கப்போகிறது என்று எடிட்டருக்குத் தெரிய வழியே இல்லை.

புள்ளி இருந்ததா என்று நான் முதல் நாள் கேட்டது அவசரக் கேள்வி. செய்தியைப் பார்த்த பிறகு புள்ளி இருந்ததா என்பதால் எதுவும் விளங்காது. கம்பைலர் கோப்பைத் திறந்தபோது இருந்ததா என்று கேட்டிருக்க வேண்டும்.

மார்ச் 15, மாலை 4.00

பழைய பிரதியைப் பதிப்புக் காப்பகத்திலிருந்து எடுத்துப் பார்த்ததாகவும், அதன் 131ஆம் வரியில் அதே அடைப்புக்குறி இருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். மிக்க மகிழ்ச்சி. இனி சந்தேகம் வரும்போது உடனடியாகச் சோதிக்க வழி உண்டு: விஎஸ் கோடில் திறந்த கோப்பைச் சேமித்த பிரதியோடு ஒப்பிடும் கட்டளை இருக்கிறது, இமேக்ஸிலும் பஃபரை (நினைவில் உள்ள பிரதியை) கோப்போடு ஒப்பிடும் கட்டளை இருக்கிறது. உங்களுக்கு நேர்ந்தது போன்றதை மட்டும் இவை பிடிக்காது, ஏனென்றால் ஒப்பிடும் நேரத்தில் வித்தியாசம் எதுவும் மிச்சமிருக்காது.

தானியங்கிச் சேமிப்பைப் பற்றி 4ஆம் தேதி நான் சொன்னதையும் சற்றுத் திருத்திக்கொள்கிறேன். கவனம் வேறு சாளரத்துக்குப் போகும்போது சேமிக்கும் முறை ஒன்றும் இருக்கிறது. டெர்மினலில் கம்பைல் செய்பவருக்கு அது பொருத்தமானது. டெர்மினலுக்குப் போவதே சேமிக்கச் சொல்வது போல ஆகிவிடும். கடிகாரத்தின் மேல் எனக்குள்ள மனத்தாங்கல் இதற்குப் பொருந்தாது.

மார்ச் 18, இரவு 10.50

மூன்று நாளாக ஒரு விஷயம் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. ஓடும் நிரலில் பிழை தேட உதவும் டீபக்கர்களுக்கு இந்த நோய் எப்போதோ தெரிந்திருக்கிறது. மூலக் கோப்பு நிரலைவிடப் புதியது என்று ஜிடிபி என்ற டீபக்கர் எச்சரிக்கும். விஷுவல் ஸ்டூடியோவின் டீபக்கர், நிரலோடு சேர்த்துவைத்த சரிபார்ப்புத் தொகையை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட, உரை மாறினால் மாறிவிடும் எண்ணை) வைத்து, இந்த மூலக் கோப்பு அந்த நிரலுக்கு உரியது இல்லை என்று சொல்லிவிடும். டீபக்கருக்கான விவரங்களை நிரலில் பதியும் வடிவமான, 2017இல் வெளிவந்த டுவார்ஃப் 5, ஒவ்வொரு மூலக் கோப்புக்கும் எம்டி5 என்ற வகைச் சரிபார்ப்புத் தொகையைப் பதிந்துவைக்க இடம் கொடுத்திருக்கிறது. கம்பைல் வெற்றி பெற்றால் எந்த உரையைப் படித்தது என்பதற்கு இவ்வளவு சாட்சியம் வைக்க முடிகிறது. தோல்வியுற்றால் மட்டும் கோப்பின் பெயர், வரி, இடம் என்ற மூன்றோடு செய்தி நின்றுவிடுகிறது. பிழைகளைக் கருவிகளுக்கிடையே பரிமாறுவதற்கான சாரிஃப் வடிவத்தில் கோப்பின் தொகையைக் குறிக்க இடம் இருக்கிறது. எடிட்டர்கள் அதைக் கேட்டு வாங்கி, தம்மிடம் உள்ள உரையின் தொகையோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் வரி எண்ணின் பக்கத்திலேயே ‘இது வேறு பிரதியைப் பற்றிய செய்தி’ என்று எழுத வேண்டும் என்பது என் விருப்பம்.

மார்ச் 22, காலை 7.40

அதுவரை காத்திருக்க மனமின்றி ஒரு சிறு ஷெல் நிரல் எழுதிக்கொண்டேன். கம்பைலரை அழைப்பதற்கு முன் திட்டத்தின் மூலக் கோப்புகள், ஹெடர்கள் எல்லாவற்றின் தொகைகளையும் எடுத்துவைக்கும். கம்பைல் முடிந்து 10 வினாடி கழித்து மறுபடியும் எடுத்து, மாறியவற்றின் பெயர்களைப் பிழைப் பட்டியலுக்குக் கீழே அச்சிடும். இந்த நான்கு நாளில் இரண்டு முறை எச்சரித்தது. ஒரு முறை, நான் கம்பைல் நடக்கும்போதே சேமித்துவிட்ட சி கோப்பு. மற்றொரு முறை, இன்னொரு சாளரத்தில் திறந்து மறந்துபோயிருந்த ஒரு ஹெடர். டெர்மினலிலிருந்து அந்தச் சாளரத்துக்கு மாறிய பிறகுதான் அதைச் சேமித்திருந்தேன். பிழைச் செய்தி அப்போதும் ஹெடரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.